அடித்த பிள்ளையை வெளியே அனுப்பும் முன்: பள்ளி ஒழுங்குக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் ஒழுங்குக் குழு உறுப்பினர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு மாணவன் இன்னொருவனை அடித்துவிட்டால் உங்கள் மேசைக்கு ஓர் அறிக்கை வரும். யார் அடித்தது, யாருக்கு அடி, எங்கே, எத்தனை மணிக்கு, காயம் எவ்வளவு, எத்தனை நாள் இடைநீக்கம் என்று அதில் எல்லாம் இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான், எந்த ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், எந்தக் கூட்டத்திலிருந்து கழற்றிவிட்டார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. பள்ளிகளில் மனநல ஆலோசனைப் பணி செய்பவர்களும், ஒதுக்கப்படுதல் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருபவர்களுமாகிய நாங்கள் அந்த விடுபட்ட பகுதியைப் பற்றி எழுதுகிறோம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒதுக்கப்பட்டதால் கை ஓங்கிய பிள்ளைக்கு, மேலும் ஒதுக்குவதையே தண்டனையாகக் கொடுக்காதீர்கள். அடித்தது தவறில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அடிவாங்கிய பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும், அடித்தவன் செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும். இதில் மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் கருவி, அந்தக் கையை ஓங்கவைத்த அதே விசையை இன்னும் அழுத்துகிறது என்றால் அதை மறுபடி யோசிக்க வேண்டும் அல்லவா?

ஒதுக்கப்படுதலை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவி வியக்கத்தக்க அளவுக்கு எளிது. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய ஒரு கணினி ஆட்டம் அது. சைபர்பால் என்று பெயர். திரையில் மூன்று பேர் பந்தை எறிந்து பிடிப்பதுபோல் இருக்கும். உண்மையில் ஒருவர்தான் மனிதர், மற்ற இருவரும் கணினி நிரல். தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து அவருக்கு வரும். அதற்குப் பிறகு வராது. மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். திட்டு இல்லை, கேலி இல்லை, முகம்கூடத் தெரியாது. இவ்வளவுக்கே நான்கு தேவைகள் அடிவாங்குகின்றன: நானும் இவர்களில் ஒருவன் என்ற உணர்வு, தன்மதிப்பு, நடப்பவை என் கையில் இருக்கின்றன என்ற உணர்வு, நான் இருப்பது பிறர் கண்ணுக்குத் தெரிகிறது என்ற உணர்வு. 2015-இல் 120 சைபர்பால் ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும் இந்தத் தாக்கம் மிகப் பெரியது என்றே தெரிந்தது.

இன்னும் விசித்திரம், எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் வலிக்கிறது (2004). பந்து வந்தால் காசு குறையும் என்று விதியை மாற்றினாலும், வராதபோது வலிக்கிறது (2006). தாங்கள் வெறுக்கும் ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் பந்தைத் தராவிட்டாலும் வலிக்கிறது (2007). முதல் கணத்தில் அறிவு குறுக்கிடுவதே இல்லை. யார் ஒதுக்கினார்கள், அது எனக்கு முக்கியமா என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வரும். ஆகவே "இதுக்குப் போயா இவ்வளவு கோபம்?" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பதில் பயனில்லை. வளர்ந்தவர்களுக்கே முகம் தெரியாத இருவர் பந்து எறியாதது சுடுகிறது. அந்தப் பிள்ளையை ஒதுக்குபவர்களோ, மறுநாளும் அதே வகுப்பறையில் அவனோடு உட்காரப்போகிறவர்கள்.

(உடல்வலியும் ஒதுக்கப்படும் வலியும் மூளையில் ஒரே இடத்தில்தான் பதிகின்றன என்று ஆசிரியர் பயிற்சிகளில் வண்ணப்படம் காட்டுவார்கள். 2003-இல் வந்த அந்த ஆய்வில் 13 பேர்தான் பங்கேற்றார்கள். அந்த மூளைப்பகுதி வேறு பல வேலைகளின்போதும் இயங்கக்கூடியது. படத்தை நம்பி வாதாட வேண்டாம். நடத்தையை அளந்த ஆய்வுகளே நமக்குப் போதும்.)

வலி எப்படி வன்மையாக, அதாவது பிறரைத் தாக்கும் போக்காக, மாறுகிறது? 2001-இல் ஜீன் டிவெங்கியும் ராய் பௌமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் ஐந்து சோதனைகள் நடத்தினார்கள். சிலருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, 'பிற்காலத்தில் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்' என்று பொய்யாக ஒரு முடிவைச் சொன்னார்கள். வேறு சிலருக்கு 'உங்களுக்கு விபத்துகள் நிறைய நேரும்' என்றார்கள். இரண்டுமே கெட்ட செய்திதான். ஆனால் எதிராளிக்கு எவ்வளவு சத்தமான இரைச்சலை எவ்வளவு நேரம் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, தனிமை என்று கேட்டவர்களின் கைதான் நீண்டது. தங்களைச் சீண்டியவர்கள்மேல் மட்டுமா? இல்லை, அவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்கள்மேலும். தங்களைப் பாராட்டிய ஆளிடம் மட்டும் அது நீளவில்லை.

இந்த மடலில் ஒரே ஒரு ஆய்வைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது 2006-இல் வார்பர்ட்டன், வில்லியம்ஸ், கெய்ர்ன்ஸ் மூவரும் வெளியிட்டதாக இருக்கட்டும். பங்கேற்றவர்களில் ஒரு பாதியை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், மறுபாதியை ஒதுக்கினார்கள். பிறகு எல்லோரும் காதைத் துளைக்கும் இரைச்சலைக் கேட்க வேண்டியிருந்தது. சிலருக்கு அது எப்போது தொடங்க வேண்டும் என்று தாங்களே தீர்மானிக்கும் வசதி கொடுக்கப்பட்டது; மற்றவர்களுக்கு அது தானாக வந்து விழுந்தது. கடைசியில், முன்பின் தெரியாத, காரம் பிடிக்காத ஒருவர் சாப்பிடுவதற்கு எவ்வளவு மிளகாய்ச் சாறு ஊற்றுவது என்பதை அவர்கள் முடிவுசெய்ய வேண்டும். ஒதுக்கப்பட்டு, இரைச்சல்மேலும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாதவர்கள் மற்ற எந்தப் பிரிவினரையும்விட நான்கு மடங்குக்கு மேல் ஊற்றினார்கள். ஒதுக்கப்பட்டும் இரைச்சலைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்களோ, ஒதுக்கப்படாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

ஒதுக்கியவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆட்டத்தில் திரும்பச் சேர்க்கவும் இல்லை. ஒரு சின்ன விஷயம் தன் பிடிக்குள் இருக்கிறது என்பது மட்டுமே வன்மையை வடியவைத்துவிட்டது.

இப்போது உங்கள் பள்ளியில் ஓர் அடிதடி முடிந்த முதல் அரைமணி நேரத்தை நினைத்துப்பாருங்கள். பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறோம். அறைக்கு வெளியே, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி நிற்க வைக்கிறோம். எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. உள்ளே யாரோ பேசுவது அரைகுறையாகக் கேட்கிறது. பிறகு ஒரு தாளை நீட்டி, எழுது, கையெழுத்துப் போடு என்கிறோம். இருந்த கொஞ்சநஞ்சப் பிடியையும் வரிசையாகப் பிடுங்குகிறோம். அப்புறம் அங்கேயே நாற்காலியை உதைத்தான் என்றால் அதை இரண்டாவது குற்றமாகப் பதிகிறோம். அந்த இரண்டாவது குற்றத்தில் பாதி நம் நடைமுறை உண்டாக்கியது.

மாற்றாக என்ன செய்யலாம்? அடிபட்டவருக்கு முதலுதவி, இருவரையும் பிரிப்பது, சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைப்பது: இந்த வரிசை மாறக் கூடாது. கூட்டம் கலையாமல் எதுவும் அடங்காது. பார்வையாளர்கள் இருக்கும்வரை பின்வாங்குவது இன்னொரு தோல்வியாகவே தெரியும். அதன்பின் அடித்த பிள்ளையைப் பிறர் பார்வை படாத, ஆனால் ஒரு பெரியவர் கூடவே இருக்கும் அறைக்குக் கொண்டுபோங்கள். தனியே பூட்டி வைக்காதீர்கள். அங்கே இரண்டு மூன்று உண்மையான தெரிவுகளைக் கொடுங்கள்: எந்த நாற்காலியில் உட்காருகிறாய், தண்ணீர் வேண்டுமா, வீட்டில் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், நடந்ததை எழுதித் தருகிறாயா இல்லை வாயால் சொல்கிறாயா. கூடவே அடுத்து என்ன நடக்கும் என்பதை நேரத்தோடு சொல்லுங்கள்: "பதினொன்றரைக்குப் பேசுவோம். அதுவரை யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள்." சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "நீயே மன்னிப்புக் கேட்கிறாயா, இல்லை அப்பாவைக் கூப்பிடவா?" என்பது தெரிவு கிடையாது, மிரட்டல். எதைத் தேர்ந்தாலும் நமக்குச் சரி என்று இருப்பவற்றை மட்டுமே தெரிவாகக் கொடுங்கள். பொய்த் தெரிவைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், நிலைமை முன்பைவிட மோசமாகும்.

வாக்குமூலத்தை உடனே வாங்க வேண்டும் என்ற அவசரத்தையும் விடுங்கள். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், தனிமைதான் எதிர்காலம் என்று கேட்டவர்களுக்கு எளிய மனப்பாட வேலை தடுமாறவில்லை. காரண காரியம் யோசிக்க வேண்டிய கேள்விகளில் தடுமாறினார்கள். 2005-இல் இன்னொன்று: ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் தளர்ந்தது, கடினமான புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். சமூகப் பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு 45 நிமிடம் கழித்தும் வலி ஆறாமல் இருந்ததை 2006-இல் காட்டினார்கள். இவற்றை வைத்துப் பார்த்தால், சம்பவம் நடந்த ஐந்தாவது நிமிடத்தில் "ஏன் செய்தாய்?" என்று கேட்பது, பதில் சொல்லும் திறன் மிகக் குறைந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்பதாகும். நேரில் பார்த்தவர்களிடம் உடனே எழுதி வாங்குங்கள். அடித்தவரிடம் ஒரு மணி நேரம் கழித்துப் பேசுங்கள். முடிந்தால் மறுநாள் காலையில் இன்னொரு முறை.

பேசும்போது அடிக்கடி கேட்கும் பதில், "என்னைப் பார்த்துச் சிரிச்சான் சார்." மற்ற பிள்ளைகளைக் கேட்டால், அவன் வேறு எதற்கோ சிரித்தான் என்பார்கள். உடனே பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது. 2009-இல் நேதன் டிவாலும் சக ஆய்வாளர்களும் காட்டியது இதுதான்: ஒதுக்கப்பட்டவர்கள், இரண்டு பொருள்படும் செய்கையைப் பகையாகவே படிக்கிறார்கள், அப்படிப் படித்த அளவுக்கு வன்மையும் கூடுகிறது. அவன் கண்ணுக்கு அது ஏளனச் சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். "உன் கண்ணால் பார்த்தது என்ன? கேமராவில் என்ன பதிந்திருக்கும்?" என்பது முதல் கேள்வி. "அதைப் பார்த்ததும் என்ன நினைத்தாய்?" என்பது இரண்டாவது. இரண்டையும் தாளில் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். மூன்றாவதாக, "அதற்கு வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம்?" முதல் நாளில் மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது, வற்புறுத்தினால் நம்மையும் எதிராளி பக்கம் சேர்த்துவிடுவான். இரண்டாம் நாளுக்கு விட்டுவிடுங்கள்.

அடிவாங்கிய பிள்ளைக்கு வருவோம். தீங்கு செய்யாதவர்மேலும் கை நீளும் என்று மேலே சொன்னோம். அடிவாங்கியவன்தான் ஒதுக்கியவன் என்று கொள்வதற்கில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவனாக இருக்கலாம். 2008-இல் கேர்ட்னரும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றையும் கண்டார்கள்: ஒதுக்கிய ஒருவன் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கும்பலைச் சேர்ந்தவனாகத் தெரிந்தால், கோபம் அந்தக் கும்பல் முழுவதன்மேலும் திரும்புகிறது. எனவே "நீ என்னடா பண்ணினே, சும்மாவா அடிச்சான்?" என்ற கேள்வியை உங்கள் பள்ளியில் அடியோடு நிறுத்துங்கள். இருவரையும் கூப்பிட்டுக் கை குலுக்க வைப்பதும் வேண்டாம். அடித்தவனுக்குத் துணை தேடும் பொறுப்பை அடிவாங்கியவன் தலையில் கட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

எல்லோரும் தவிர்க்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். திருப்பி அடிப்பதில் இன்பம் இருக்கிறது. டேவிட் செஸ்டரும் டிவாலும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒதுக்கப்பட்டவர்கள், தங்களை ஒதுக்கியவராகப் பாவித்துக் கணினித் திரையில் ஒரு பொம்மைமேல் ஊசி குத்தும் வாய்ப்பைப் பெற்றார்கள். குத்தி முடித்தபின் அவர்கள் மனநிலை, ஒதுக்கப்படாதவர்களின் மனநிலைக்குச் சமமாக ஏறிவிட்டிருந்தது. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அடி ஒரு மருந்து போல வேலை செய்கிறது. அந்த இன்பம் நீடிக்காது. ஆனாலும் அடுத்த முறை வலிக்கும்போது கை அதையே தேடும். "கோபத்தை அடக்கு" என்ற அறிவுரை இதன் எதிரில் தோற்பதில் வியப்பில்லை. வலியைக் குறைக்க வேறு வழி கைக்கு எட்ட வேண்டும்.

அந்த வேறு வழி நினைப்பதைவிட மலிவானது. 2007-இல் டிவெங்கி குழுவினர் பார்த்தது: ஒதுக்கப்பட்டவர்களிடம் ஆய்வாளர் சிறிது நேரம் நட்பாகப் பேசி ஒரு நன்றி சொன்னாலே, அல்லது அவர்கள் தங்களுக்குப் பிரியமான ஒருவரைப் பற்றிச் சில வரிகள் எழுதினாலே வன்மை குறைந்தது. 2010-இல் இன்னும் துல்லியமாக அளந்தார்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர் ஏற்றுக்கொண்டால் வன்மை எவ்வளவு குறைகிறது? மிகப் பெரிய இறக்கம் முதல் ஆளிடம்தான். இரண்டாமவர், மூன்றாமவரால் கிடைக்கும் கூடுதல் பலன் படிப்படியாகச் சிறுத்தது. முழு வகுப்பையும் நண்பர்களாக்கும் திட்டம் தேவையில்லை. ஒருவர் கிடைத்தால் போதும்.

ஆனால் அந்த ஒருவரை நியமிக்கும் விதத்தில்தான் பள்ளிகள் கோட்டைவிடுகின்றன. வகுப்பின் முதல் மாணவியைக் கூப்பிட்டு, "இனிமே நீ அவளோட பேசு, பாவம்" என்கிறோம். இரண்டு நாளில் உடைந்துவிடும். ஒதுக்கப்பட்டவர்கள் உண்மைச் சிரிப்பையும் ஒட்டவைத்த சிரிப்பையும் மற்றவர்களைவிட நன்றாகப் பிரித்தறிகிறார்கள் என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வே காட்டுகிறது. பரிதாபத்தை வைத்து இணைக்காதீர்கள், வேலையை வைத்து இணையுங்கள்: நூலக அடுக்கு, ஆய்வகப் பொருள் எடுத்துவைப்பது, விளையாட்டுச் சாமான் கணக்கு, மேடைக்கு ஒலிபெருக்கி பூட்டுவது. இரண்டு பேர் இல்லாமல் முடியாத வேலையாக இருக்க வேண்டும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம், குறைந்தது ஆறு வாரம். ஒதுக்கிய கூட்டத்திலிருந்து துணையை எடுக்காதீர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் புதிய உறவை ஆவலோடு தேடுகிறார்கள், ஆனால் ஒதுக்கியவர்களிடம் அந்த நெருக்கத்தைக் காட்டுவதில்லை என்பது 2007-இல் ஜான் மேனரும் சக ஆய்வாளர்களும் கண்டது. பக்கத்துப் பிரிவிலிருந்தோ ஒரு வகுப்பு மேலிருந்தோ எடுக்கலாம். இது தண்டனை என்றோ சிகிச்சை என்றோ இருவரிடமும் சொல்ல வேண்டாம்.

அடிதடியில் சிக்கியவர்களையெல்லாம் ஒரே குழுவாக்கி 'நன்னடத்தை வகுப்பு' நடத்துவதை நிறுத்துங்கள். டிஷியன், மெக்கார்ட், பூலன் 1999-இல் காட்டியபடி, இப்படிச் சேர்த்துவைக்கும் திட்டங்கள் சில நேரங்களில் தீங்கையே கூட்டின. ஒருவன் செய்ததைச் சொல்ல, மற்றவர்கள் சிரித்து ஊக்குவிக்க, வெளியே கிடைக்காத வரவேற்பு அங்கே கிடைத்துவிடுகிறது. கடைசி பெஞ்சில் நால்வரையும் ஒன்றாக உட்காரவைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இடைநீக்கம் பற்றி. அமெரிக்க உளவியல் சங்கத்தின் சிறப்புக் குழு 2008-இல் 'சிறு பிழைக்கும் சலுகையில்லை' என்ற வகைக் கொள்கைகளை அலசியது. இடைநீக்கம் பள்ளியைப் பாதுகாப்பாக்கியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் பின்னாளில் மறுபடி மறுபடி அதே வரிசையில் நின்றதற்குச் சான்று இருந்தது. 2016-இல் ஓர் ஆய்வு 5 நடுநிலைப் பள்ளிகளில், 31 கணித ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு இணையவழி ஒரு சிறு பயிற்சி கொடுத்தது. மாணவன் ஏன் இப்படி நடக்கிறான் என்று அவன் பக்கம் நின்று பார்ப்பதும், உறவை முறிக்காமல் கண்டிப்பதும்தான் பாடம். எல்லா ஆசிரியர்களிடமுமாகப் படித்த மாணவர்கள் ஏறக்குறைய 1,700 பேர். இந்தப் பயிற்சி பெறாத ஆசிரியர்களிடம் படித்தோரில் அந்த ஆண்டு 9.6 சதவீதம் பேர் இடைநீக்கம் பெற்றார்கள்; பயிற்சி பெற்றவர்களிடம் படித்தோரில் அது 4.8 சதவீதம், அதாவது பாதி.

காயம் கடுமையாக இருந்து, சில நாள் வெளியே வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போதும் தொடர்பு அறுபடாமல் பார்த்துக்கொள்ள முடியும். திரும்பும் தேதியை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். தினமும் ஒரே ஆசிரியர், குறித்த நேரத்தில், ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசட்டும். அன்றைய பாடத்தைச் சொல்லட்டும், நடந்ததைக் கிளற வேண்டாம். அவன் இருக்கையை யாருக்கும் கொடுக்காதீர்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளோ பெற்றோரோ அவன் பெயரை நீக்கினால் அன்றே சரிசெய்யுங்கள். திரும்பிவரும் நாளைக் கெடுப்பது பல நேரம் இந்தச் சின்னக் காரியம்தான். திரும்பும் காலையில் முதல் மணிக்குக் கால்மணி நேரம் முன்பே வரச்சொல்லி, யார் பக்கத்தில் உட்காரப்போகிறான், இடைவேளையில் எங்கே இருப்பான், யாராவது சீண்டினால் யாரிடம் போவான் என்று மூன்றையும் பேசி முடித்துவிட்டு வகுப்புக்கு அனுப்புங்கள். காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்க வைத்தால் இவ்வளவும் வீண்.

இனி மறுபக்கம்: ஒதுக்குவதையே ஒரு சம்பவமாகப் பதிவுசெய்யுங்கள். பல்லுடைந்தால் பதிவேட்டில் ஏறுகிறது; முப்பது பேர் சேர்ந்து ஒரு மாதம் ஒருத்தியோடு காய் விட்டால் ஏறுவதில்லை, ஏனென்றால் யாரும் எதுவும் 'செய்யவில்லை'. வேலையிடங்களில் நடந்த ஆய்வுகளிலும் (ஓரைலி முதலானோர், 2015) இதே பார்வைதான் தெரிந்தது. தொல்லை கொடுப்பதைவிட ஒதுக்குவதை மக்கள் நாகரிகமானதாக நினைத்தார்கள். வேலையை விட்டுப் போவதோடு கூடுதல் தொடர்புடையதாக இருந்ததோ ஒதுக்குதல்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வெவ்வேறு நாளில் இரண்டு முறை, சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். தினமும் கடைசியாக வருபவர், எப்போதும் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பவர், ஆட்டத்தின் விளிம்பில் பந்து பொறுக்கிக் கொடுப்பதற்கு மட்டும் இருப்பவர், கழிவறையில் இடைவேளையைக் கழிப்பவர் ஆகியோரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தாளில், "யாரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும்? மூன்று பெயர்" என்று கேளுங்கள். யாரைப் பிடிக்காது என்று கேட்கவே வேண்டாம்; அந்தப் பட்டியல் எப்படியாவது வெளியே கசிந்துவிடும். ஒரு பெயரும் விழாதவர்கள் இரண்டு வகை என்பதை 1982-லேயே கோயியும் டாட்ஜும் பிரித்துக் காட்டினார்கள்: யாராலும் கவனிக்கப்படாதவர்கள் ஒரு வகை, வெளிப்படையாக வெறுக்கப்படுபவர்கள் இன்னொரு வகை. தாளில் இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள். இடைவேளையில் நின்று பார்த்ததுதான் வேறுபடுத்தும். வன்மையோடு கூடுதலாகத் தொடர்புள்ளது இரண்டாவது வகை. அங்கே ஒரு சுழலும் இருக்கிறது: முரட்டுத்தனம் காட்டுபவனை ஒதுக்குகிறார்கள், ஒதுக்கியதால் முரட்டுத்தனம் ஏறுகிறது. எது முதலில் வந்தது என்று ஆராய்ந்து நேரத்தைக் கழிக்காதீர்கள். எந்தக் கண்ணியைப் பிடித்து நிறுத்தினாலும் சுழல் தளரும்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பலம் அதிகம். பள்ளி மைதானங்களில் ஒளிப்பதிவு செய்து பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், சக மாணவர்கள் தலையிட்டது 19 சதவீதச் சம்பவங்களில்தான். ஆனால் தலையிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்தே விநாடியில் துன்புறுத்தல் நின்றது. எதிர்த்துச் சண்டை போடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். "வா, போகலாம்" என்று ஒதுக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நகர்வதைச் சொல்லிக்கொடுங்கள்.

வகுப்பறையில் ஒதுக்குதலை உற்பத்தி செய்யும் பழக்கங்களில் முதலாவது, இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று ஆள் பிரிப்பது. கடைசியில் மிஞ்சும் அதே பிள்ளையை வாரா வாரம் எல்லோர் கண்முன்னும் மிஞ்ச வைக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லியோ சீட்டுக் கொடுத்தோ பிரித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்" என்பதும் இதே ரகம். குழுவேலைக்கு, எலியட் ஆரன்சன் 1971-இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறையைப் பரிந்துரைக்கிறோம். ஐந்தாறு பேர் கொண்ட குழு. பாடத்தை அத்தனை துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று. ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் எழுந்து வந்து ஒன்றுகூடித் தயாராவார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிக் கற்பிப்பார்கள். கடைசியில் தேர்வு தனித்தனியே, முழுப் பாடத்துக்கும். ஒதுக்கப்பட்டவளின் துண்டு அவளிடம் மட்டும்தான் இருப்பதால் மற்றவர்கள் அவள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். நடுவில் வரும் அந்தத் தயாரிப்புக் கூட்டத்தை நேரமில்லை என்று விட்டுவிட்டால் முறையே கவிழும்: தயாராகாமல் திணறும் பிள்ளையைக் குழு முன்னைவிட அதிகமாக வெறுக்கும்.

ஆசிரியர்களே ஒதுக்குவதும் உண்டு. ஒரு மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவது, அவன் கை தூக்கினால் பார்க்காததுபோல் இருப்பது, "இவனோட யாரும் பேசாதீங்க" என்று வகுப்புக்கே உத்தரவிடுவது. கடைசியில் சொன்னதை எழுத்துப்பூர்வமாகத் தடைசெய்யுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒதுக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் அது.

ஓர் எச்சரிக்கை. இந்த மடலைப் படித்துவிட்டு, தனியாக இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை 'ஆபத்தானவர்கள்' என்று யாரும் தயாரித்துவிடக் கூடாது. ஒதுக்கப்பட்டவர்களில் பலர் அடிப்பதில்லை. பிறரை மகிழ்விக்க ஓடுகிறார்கள், அல்லது ஒடுங்கிப்போகிறார்கள். நீண்டகால ஒதுக்கலின் கடைசிக் கட்டம் பெரும்பாலும் விரக்திதான். அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச்சூடுகளில், 1995 முதல் 2001 வரை நடந்த 15 சம்பவங்களை லியரியும் சக ஆய்வாளர்களும் 2003-இல் அலசியபோது, இரண்டைத் தவிர மற்றவற்றில் ஒதுக்கலோ அவமதிப்போ இருந்தது. ஆனால் அது மட்டும் இருக்கவில்லை. ஆயுத மோகம், சாவின்மேல் ஈர்ப்பு, மனநலச் சிக்கல் என்று வேறு காரணிகளும் கூடவே இருந்தன. தாக்குபவனை அடையாளம் காட்டும் பொதுவான உருவரை எதுவும் கிடையாது என்பதையும் அதே நாட்டின் அரசு ஆய்வு 2002-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஆய்வின் 37 சம்பவங்களில் ஐந்தில் நான்குக்கு மேல், முன்கூட்டியே யாரோ ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்த பிள்ளை பெரியவரிடம் வந்து சொல்வதற்கு, நம்பிப் பேச ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பட்டியல் போடும் பள்ளியில் யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் உங்கள் சம்பவ அறிக்கைப் படிவத்தில் நான்கு கட்டங்களைச் சேர்க்கக் கோருகிறோம். முந்தைய மூன்று வாரத்தில் இந்த மாணவர் யாரோடு சாப்பிட்டார், எந்தக் குழுவில் இருந்தார், என்ன மாறியது என்பது முதல் கட்டம். சம்பவத்துக்குப் பின் என்ன தெரிவுகள் கொடுக்கப்பட்டன, எத்தனை மணிக்குப் பேசப்பட்டது என்பது இரண்டாவது. துணையாக யார், என்ன வேலையில், எந்தத் தேதிவரை என்பது மூன்றாவது. ஆறு வாரம் கழித்து யார், எந்த நாளில் திரும்பிப் பார்ப்பார் என்பது நான்காவது. அந்தத் தேதி வெறுமையாக இருந்தால் படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திடக் கூடாது. பருவ முடிவில் படிவங்களை எடுத்து, ஒரே பெயர் எத்தனை முறை திரும்ப வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். இடைநீக்கம் பெற்றவர்களையும் இம்முறையில் கையாளப்பட்டவர்களையும் தனித்தனியே எண்ணி, அந்த எண்ணிக்கையை ஆசிரியர் கூட்டத்தில் வையுங்கள். முறை பலன் தரவில்லை என்று உங்கள் எண்களே காட்டினால் எங்களுக்கும் எழுதுங்கள். படிவத்தோடு அனுப்பினால் எந்தப் படியில் தவறியது என்று சேர்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர்களும் உளவியல் ஆய்வு மாணவர்களும்